மேட்டைப் பார்த்து நின்றால் மட்டும் மக்கர் செய்த வண்டி: ஒரு பழைய டீசல் பிக்கப்பின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரிய வண்டி 2004-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட, நான்கு சிலிண்டரும் ஹீட்டர் பிளக்கும் (குளிர்ந்த எஞ்சினை எழுப்ப உள்ளே சூடேற்றும் பிளக்) கொண்ட, டர்போ இல்லாத ஒரு டீசல் பிக்கப். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்கு அருகே உள்ள எங்கள் தோட்டத்திலிருந்து வாழைத்தாரையும் சௌசௌ மூட்டையையும் வத்தலக்குண்டுக்கு இறக்குவதும், திரும்பி வரும்போது உரத்தையும் வீட்டுச் சாமானையும் ஏற்றி வருவதும்தான் அதன் வேலை. எஞ்சினில் கணினி கிடையாது. ஸ்கேனரைச் செருகிக் குறைக்கான எண்ணைப் படிக்கும் வசதியும் கிடையாது. டீசல் பம்பு சுழல் வகையைச் சேர்ந்தது, அதாவது ஒரே பம்பு, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு நாசிலுக்கும் முறை வைத்துப் பங்கிட்டுத் தரும் வகை. டேங்கில் மோட்டார் எதுவும் இல்லாததால், பம்புக்குள் இருக்கும் சிறகுச் சக்கரமே டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு செய்தியை நான் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்திருந்தால், மூன்று மாத அலைச்சலும் இரண்டு தேவையற்ற செலவும் மிச்சமாகியிருக்கும்.

குறை கார்த்திகை மாதத்தில் தொடங்கியது. காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும், ஆனால் பற்றாது. முதலில் ஐந்து வினாடி, பிறகு பத்து வினாடி என நீண்டு, மார்கழி பிறந்தபோது, இடையிடையே ஓய்வு கொடுத்து மொத்தம் அரை நிமிடம் அடித்தால்தான் உயிர் பெறும் நிலைக்கு வந்துவிட்டது. பற்றியவுடன் ஒரு முறை வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு, கால் நிமிடம் தள்ளாடி ஓடி, அதன்பின் அன்று முழுவதும் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இழுத்தது. மதியம் எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் சாவியைத் திருப்பிய கணமே எழுந்தது.

முதல் முயற்சிகள்

மலையில் மார்கழிக் குளிர் கடுமையாக இருக்கும். அதனால் குளிர்தான் காரணம் என்று நானும் எண்ணினேன், பட்டறையிலும் அதையே சொன்னார்கள். பேட்டரிக்கு நான்கு வயது ஆகியிருந்ததால் அதை மாற்றினோம். செல்ஃப் இன்னும் வேகமாகச் சுற்றியது, எஞ்சின் பற்றாமல் இருப்பது மட்டும் மாறவில்லை. அடுத்து நான்கு ஹீட்டர் பிளக்கையும் மாற்றினோம். கழற்றிய பழைய பிளக்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மல்டிமீட்டரில் அளந்தபோது நான்குமே ஒரு ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டின. அறுந்துபோன பிளக் என்றால் மீட்டரில் முடிவிலிதான் தெரியும். ஆகவே நல்ல பிளக்குகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போட்டிருக்கிறோம் என்பது, பணம் கொடுத்த பிறகு, தெளிவாயிற்று. அளந்து பார்த்த பிறகு கழற்றியிருக்க வேண்டும். நான் செய்தது தலைகீழ்.

மூன்றாவது முறை சென்றபோது, பம்பு நாசில் இரண்டையும் இறக்கி முழுமையாகப் பார்த்துவிடலாம் என்றார்கள். இருபது ஆண்டு ஓடிய வண்டிக்கு அது அபத்தமான யோசனை என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஏற்படுத்தும் செலவு, வண்டியை விற்றால் கிடைக்கும் தொகையில் கணிசமான பங்கு. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று: இரண்டு முறை வண்டியை இரவு முழுவதும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தோம், இரண்டு முறையும் காலையில் அங்கே அது முதல் அடியிலேயே எழுந்தது. நோயாளி வைத்தியர் முன்னால் மட்டும் நலமாக இருப்பதுபோல் இருந்தது.

இதற்கு விடை என் சித்தப்பாவிடமிருந்து வந்தது. அவர் எங்கள் தோட்டத்து லோடு ஏற்றும் வேலையைப் பார்ப்பவர். இயந்திரம் பற்றிப் பெரிதாகப் பேசமாட்டார். வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தினால்தான் அது மக்கர் செய்கிறது, பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் செய்வதில்லை என்று அவர் ஒருநாள் போகிற போக்கில் சொன்னார். எங்கள் வாசல் முழுவதும் சரிவு. பட்டறை வத்தலக்குண்டில், சமதரையில் இருக்கிறது.

புகை சொன்ன செய்தி

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் பணம் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, கவனிக்கத் தொடங்கினேன். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அமுக்கும்போது ஏற்படும் சூட்டில், சரியான நேரத்தில் சரியான அழுத்தத்தோடு சீறி வரும் டீசல் தானாகவே பற்ற வேண்டும். டீசல் தானாகப் பற்றுவதற்குச் சுமார் 210 டிகிரி செல்சியஸ் போதும். எனவே பற்றாத எஞ்சினிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சூடு போதவில்லையா, டீசல் வரவில்லையா என்பதுதான். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றொருவர் சைலன்சர் வாயைப் பார்த்தால் போதும். டீசல் உள்ளே சென்று சூடு போதாமல் எரியாவிட்டால், அது ஆவியாகி வெள்ளைப் புகையாக வெளியே வரும். கண்ணை எரிக்கும் அந்த வாடையைத் தவறவிட முடியாது. டீசலே சென்று சேரவில்லை என்றால் எவ்வளவு சுற்றினாலும் புகையே இருக்காது.

மறுநாள் காலை சித்தப்பா செல்ஃப் அடித்தார், நான் பின்னால் நின்றேன். முதல் இருபது வினாடிக்குச் சைலன்சரில் ஒரு நூல் புகைகூட வரவில்லை. பற்றுவதற்குச் சற்று முன்புதான் வெள்ளைப் புகை எட்டிப் பார்த்தது. ஹீட்டர் பிளக், அமுக்கம், குளிர் ஆகிய மூன்று சந்தேகங்களும் அந்த ஒரு காலையிலேயே பின்வரிசைக்குப் போய்விட்டன. ஆளில்லாத ஊரில் டீ ஆற்றியதுபோல, வராத டீசலைச் சூடாக்கக் காத்திருக்கும் பிளக்குகளைத்தான் நாங்கள் மாற்றியிருக்கிறோம்.

மின்சாரத்தை முழுமையாக ஒதுக்கிவிட இன்னும் மூன்று அளவுகள் எடுத்தேன். இரவு முழுதும் நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. செல்ஃப் அடிக்கும்போது அது 10.4-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரியின் எதிர் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகவே விழுந்தது. ஆகவே எர்த் ஒயர் நன்றாக இருந்தது. சாவியைத் திருப்பும்போது பம்பின் மேலுள்ள கட்-ஆஃப் சாலினாய்டுக்கு முழு வோல்ட்டும் வந்தது, ‘டக்’ என்ற ஒலியும் கேட்டது. அந்த ஒலி இல்லாவிட்டால் டீசல் வழி திறக்கவில்லை என்று பொருள். பழைய வண்டிகளில் அந்த ஒற்றை ஒயர் கழன்றதற்காகப் பம்பையே இறக்கியவர்களும் உண்டு.

பிறகு பத்து இரவுகள் நோட்டில் எழுதினேன். மேட்டைப் பார்த்து நிறுத்திய ஐந்து இரவுகளில் நான்கில் காலையில் தகராறு. தகராறு செய்யாத அந்த ஒரு நாள், முந்திய மாலை டேங்கை நிரப்பியிருந்தோம். பள்ளத்தைப் பார்த்து நிறுத்திய ஐந்து இரவுகளிலும் உடனே எழுந்தது. டேங்க் கேபினுக்குப் பின்னால், லோடு பெட்டிக்கு அடியில் இருக்கிறது. மேட்டைப் பார்த்து நின்றால் எஞ்சின் உயரத்திலும் டேங்க் தாழ்விலும் இருக்கும். எங்காவது காற்று நுழைய வழி கிடைத்தால், குழாயில் நிற்கும் டீசல் இரவெல்லாம் மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் பம்பு உறிஞ்சுவது வெறும் காற்றை. எங்கள் பக்கத்து மொழியில் சொன்னால், வண்டி ஏர் பிடித்திருக்கிறது.

ஒழுகாத ஓட்டை

இங்கேதான் பலரும், நான் உட்பட, தடுமாறுகிறோம். ஏர் பிடிக்கிறது என்று சொன்னதும் வண்டிக்கடியில் படுத்து எங்கே டீசல் ஒழுகியிருக்கிறது என்று தேடுவோம், எல்லாம் காய்ந்திருக்கும், குழாய் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கு வருவோம். ஆனால் டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட வழி முழுவதும் உறிஞ்சும் பக்கம். எஞ்சின் ஓடும்போது அங்கே வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவான அழுத்தமே இருப்பதால், விரிசலின் வழியே காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. மேலும் காற்று புகக்கூடிய நுண்ணிய துளையில், அதைவிடக் கெட்டியான டீசல் சொட்டாக வெளிவரப் பெரும்பாலும் முடிவதில்லை. காய்ந்திருப்பது இங்கே நற்சான்று ஆகாது. பகலில் வண்டி நன்றாக ஓடியதற்கும் இதுவே விளக்கம்: ஓட்டத்தில் நுழையும் சிறு குமிழிகளைப் பம்பு ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்கே தள்ளிவிடுகிறது, இரவில்தான் அதற்கு ஆள் இல்லை.

கண்ணால் பார்ப்பதற்கு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் டியூப்பில் ஒரு முழம் வாங்கி, பம்பின் நுழைவாயிலுக்கு முன்னால் ரப்பர் குழாய்க்குப் பதிலாக மாட்டினேன். மேட்டைப் பார்த்து நிறுத்திய மறுநாள் காலை அந்த டியூப் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. அதைப் பார்த்த நிமிடத்தில் ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லத் தகுந்தது. மூன்று மாதமாக ஊகித்ததைக் கண்ணெதிரே காண்பது சாதாரணமான விஷயமில்லை.

இனி எந்தப் பகுதியில் காற்று நுழைகிறது என்று பிரிக்க வேண்டும். ஐந்து லிட்டர் கேனில் வடிகட்டிய டீசலை நிரப்பி, வேண்டுமென்றே எஞ்சினைவிடத் தாழ்வாகத் தரையில் வைத்தேன். உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கி வந்து குறையை மறைத்துவிடும். தாழ்வில் வைத்தால் வண்டியின் டேங்க் இருக்கும் அதே நிலை கிடைக்கும். கேனிலிருந்து நேரே பம்புக்கு ஒரு குழாய், ரிட்டர்னிலிருந்து கேனுக்கு ஒரு குழாய். இரண்டின் முனையும் டீசலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிட்டர்ன் வழியாகவே காற்று ஏறிவிடும். எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, அப்படியே இரவு விட்டேன். காலையில் இரண்டு வினாடியில் எழுந்தது.

இந்தச் சோதனையின் பயன் இரண்டு. காற்று பம்புக்கு முன்னால்தான் நுழைகிறது என்பது ஒன்று. பம்பின் அச்சு சீலோ உள்ளிருக்கும் வேறு சீலோ காற்றை விடவில்லை என்பது மற்றொன்று. விட்டிருந்தால் கேனிலிருந்து ஏறிய டீசலும் இரவில் இறங்கியிருக்கும். பம்பை இறக்க வேண்டும் என்ற யோசனை அன்று முடிவுக்கு வந்தது.

மறுநாள் இரவு கேனிலிருந்து ஃபில்டருக்கும் ஃபில்டரிலிருந்து பம்புக்கும் குழாய் கொடுத்து அதே சோதனையைச் செய்தேன். காலையில் டியூப் காலி. ஆகக் குறை ஃபில்டரில், அல்லது அதன் தலையில் இருக்கும் பிரைமர் என்னும் கைப்பம்பில். இப்போது கேனைத் தூக்கி லோடு பெட்டியின் முன்கம்பியில் கட்டினேன். உறிஞ்சும் பக்கத்துக்கு இப்படி உயரத்திலிருந்து அழுத்தம் கொடுத்தால், உள்ளே இழுத்துக்கொண்டிருந்த ஓட்டை வெளியே கசிந்தாக வேண்டும். துணியால் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைப் பூசி வைத்தேன். கைப்பம்பின் தண்டைச் சுற்றி இரண்டு மணி நேரத்தில் ஈரம் பரவியது. பள்ளத்தைப் பார்த்து வண்டி நின்ற நாட்களில் அதே இடத்தில் புழுதி கொஞ்சம் ஒட்டியிருப்பதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எண்ணெய்க் கை பட்டிருக்கும் என்று கடந்து போயிருந்தேன்.

கைப்பம்பின் சீல் ஏன் அறுந்தது

நோட்டைப் புரட்டியபோது விடை கிடைத்தது. ஐப்பசியில் நானே டீசல் ஃபில்டரை மாற்றியிருக்கிறேன். புதிய ஃபில்டரை நிரப்ப அந்தக் கைப்பம்பை நாற்பது முறையாவது அமுக்கியிருப்பேன். ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்து இறுகிப்போன ரப்பர் சீல், அந்த அமுக்கலில் கீறல் விழுந்திருக்கிறது. பின்பு காலையில் வண்டி எழாதபோதெல்லாம் அதே கைப்பம்பை அடித்து எழுப்பியதால், மருந்தே நோயை வளர்த்தது.

ரப்பர் இறுகியதற்கு வயது முதன்மைக் காரணம். டீசலின் மாற்றத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம். பிஎஸ்-3 (பாரத் ஸ்டேஜ் எனப்படும் மாசு விதிகளின் மூன்றாம் படி) டீசலில் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை இருந்த கந்தகம் பிஎஸ்-4-இல் 50 ஆகி, 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் 10 ஆகக் குறைந்தது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, டீசலிலுள்ள நறுமணச் சேர்மங்கள் எனப்படும் பொருள்களையும் குறைக்கிறது. அவற்றில் ஊறி உப்பியிருந்த பழைய நைட்ரைல் ரப்பர் சீல்கள் அவை குறைந்ததும் சுருங்குகின்றன. 1993-இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய பம்புகள் கசியத் தொடங்கியது இதனால்தான்.

கைப்பம்புடன் கூடிய ஃபில்டர் தலையையே மாற்றினேன். சீல் மட்டும் தனியாகக் கிடைத்தாலும், தண்டு தேய்ந்து வரி விழுந்திருந்ததால் அது நிலைக்காது. கூடவே குழாய்களை ஃபில்டர் தலையோடு இணைக்கும், நடுவே துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுகளுக்குப் புதிய காப்பர் வாஷர் போட்டேன். இழைகளில் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்கு அது சரி, டீசல் பம்புக்கு முன்னால் கூடாது. பிய்ந்த நூல் ஒன்று உள்ளே போனால், மைக்ரான் இடைவெளியில் ஓடும் பாகங்களைப் பிடித்துவிடும்.

ஏர் எடுப்பதற்கு அவசரம் ஆகாது. ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குருவை ஒரு சுற்றுத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே ஸ்குருவை இறுக்க வேண்டும். அப்படியும் எழாவிட்டால் நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் இரண்டின் நட்டை நாசில் முனையில் அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் துளிர்த்ததும் இறுக்கலாம். அந்த நேரத்தில் கையையோ விரலையோ அருகே கொண்டுபோகக் கூடாது: நாசில் நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் திறப்பது, அந்தச் சீறல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சிறு புள்ளிபோல் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. செல்ஃபை ஒரு தடவைக்குப் பதினைந்து வினாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதை ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அறவே தவிர்க்க வேண்டும். பழுத்த பிளக்கில் பட்டு அது நேரம் தவறி வெடித்தால் பிஸ்டன் தாங்காது.

இரண்டாவது ஓட்டை

எட்டு நாள் வண்டி நன்றாக எழுந்தது. ஒன்பதாம் நாள், டேங்கில் கால் பங்கு டீசலோடு மேட்டைப் பார்த்து நின்ற காலையில், மறுபடியும் பத்து வினாடி இழுத்தது. டியூப்பைப் பார்த்தேன், காலியாக இல்லை, ஆனால் ஒரு சாண் நீளத்துக்குக் காற்று நின்றது.

தவறு என்னுடையது. ஒரு ஓட்டை கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிட்டேன். டேங்கிலிருந்து ஃபில்டர்வரை உள்ள பகுதியைத் தனியே சோதிக்கவே இல்லை. இம்முறை வண்டியைச் சமதரைக்குக் கொண்டுபோய், நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டு, அடியில் போய்ப் பார்த்தேன். டேங்கின் மேலிருந்து வரும் இரும்புக் குழாயையும் சேசிஸில் ஓடும் குழாயையும் இணைக்கும் கைநீளத்து ரப்பர் குழாய் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. கிளிப்பைக் கழற்றியதும் அதற்கு அடியில் குறுக்கே விரிசல். திருகு வைத்த கிளிப்பை யாரோ பலம் கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். அந்த விளிம்பே ரப்பரை வெட்டியிருக்கிறது. அந்த யாரோ நானாகவும் இருக்கலாம். டீசலுக்கென்றே வரும் குழாயை அளந்து வாங்கி, சுற்றிலும் சமமாக அழுத்தும் ஸ்பிரிங் கிளிப் போட்டேன். இரும்புக் குழாயின் முனையில் படிந்த துருவையும் எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே மாட்டினேன். சொரசொரப்பான இரும்பின்மேல் எந்தப் புதுக் குழாயும் காற்றைத் தடுக்காது.

அதற்குப் பிறகு மூன்று மாதங்கள் வண்டியை வேண்டுமென்றே மேட்டைப் பார்த்து நிறுத்தி வருகிறோம். டேங்கில் டீசல் குறைவாக இருந்த நாட்கள் உட்பட எல்லாக் காலையிலும் இரண்டு மூன்று வினாடிக்குள் எழுந்திருக்கிறது.

பராமரிப்பு நோட்டில் இதனால் சில வரிகள் மாறின. ஃபில்டர் அடியிலுள்ள தண்ணீர் வடிகாலை மாதம் ஒரு முறை திறக்கிறேன், மழைக்காலத்தில் இரு முறை. சுழல் வகைப் பம்புக்கு டீசலே மசகு என்பதால் தண்ணீர் உள்ளே போனால் அது துருவோடு நிற்காது, தேய்மானத்தில் முடியும். ஃபில்டர் மாற்றும் நாளில் புதிய ஃபில்டரைப் பெரும்பகுதி நிரப்பிவிட்டே மாட்டுகிறேன், கைப்பம்புக்கு வேலை குறைகிறது. உறிஞ்சும் பக்கத்து ரப்பர் அனைத்தையும், நன்றாகத் தெரிந்தாலும், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதென்று எழுதியிருக்கிறேன். எஞ்சின் ஆயில், பெல்ட், டேப்பட், கூலண்ட் ஆகியவற்றில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, வருடாந்திர எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) முன்னால் அவற்றைப் பார்ப்பது பழைய வழக்கமே.

நாசில்களை இன்னும் கழற்றவில்லை. ஏற்றத்தில் முழு லோடோடு போகும்போது கரும்புகை சற்றுக் கூடுதலாகவே வருகிறது. அடுத்த கோடையில் நாசில்களை மட்டும் இறக்கி, திறக்கும் அழுத்தத்தையும் தெளிக்கும் வடிவத்தையும் சோதிக்கக் கொடுக்க வேண்டும். மட்டம் பார்க்கும் டியூப்பை எஞ்சினிலிருந்து எடுத்துவிட்டு ரப்பர் குழாயையே மாட்டியாயிற்று. சூட்டிலும் டீசலிலும் அது ஏற்கெனவே மஞ்சளித்து விறைத்திருந்தது. கழுவி, ஸ்பேனர் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.